வெளியே வராத எஞ்சின்

எஞ்சின் மூன்றாவது முறையாகப் படகின் மேல்தட்டில் இடித்து நின்றது.

"நீளம் இடிக்குது மச்சான். திறப்பு பத்தலை," என்று கீழே எஞ்சின் குழிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார் மெக்கானிக்.

அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

எஞ்சினை மட்டமாகத் தூக்கினால் அந்தத் திறப்பு வழியாக ஜென்மத்துக்கும் வராது. மூக்கை மட்டும் மேலே தூக்கி, பின்னாலிருக்கும் கியர்பாக்ஸைத் தொங்கவிட்டால், சட்டைக்குள்ளிருந்து கை வருவது போல் வந்துவிடும். இருபது வருடமாக அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

இன்றைக்கு மட்டும் அப்படி எடுப்பதாக இல்லை. காலையில் அவர் மனைவி தேநீரை மேசையில் ணங்கென்று வைத்துவிட்டுச் சொல்லியிருந்தாள். எஞ்சின் படகை விட்டு வெளியே வந்தால், அவர் வீட்டுக்குள் வர வேண்டியதில்லை.

படகு அவளுடைய தம்பிகள் இரண்டு பேருடையது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கயிற்றை யார் அவிழ்த்துவிட்டது என்பதில் ஆரம்பித்த சண்டை. ஒரே படகில் போய்வந்தும் பேச்சில்லை. சொல்லியே ஆக வேண்டியதைக் கடலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டார்கள். பெரியவன் விடாக்கண்டன், சின்னவன் கொடாக்கண்டன். கடைசியில் படகு பெரியவனுக்கு, எஞ்சின் சின்னவனுக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. எஞ்சின் வெளியே வந்த கையோடு இருவரும் சேர்ந்திருக்கும் வீட்டுக்கு நடுவில் சுவர். அதற்குச் செங்கல்கூட வந்து இறங்கிவிட்டது.

ஆகவே மெக்கானிக் முன்னும் பின்னும் சங்கிலியை ஒரே அளவாகக் கட்டி, எஞ்சினைத் துளிகூடச் சாயவிடாமல், பொறுப்பாக, காலையிலிருந்து வேலையைக் கெடுத்துக்கொண்டிருந்தார்.

பயம் இல்லாமல் இல்லை. இரண்டு பேரும் எஞ்சினோடு வளர்ந்தவர்கள். எவனாவது ஒருவன் "மூக்கைத் தூக்குங்க அத்தான்" என்று சொல்லிவிட்டால் குட்டு உடைந்துவிடும்.

ஒருவனும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மக்கு மச்சான்களைப் பெற்றுக் கொடுத்த மாமனாருக்கு அவர் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

நான்காவது முறை. மேலே பெரியவன் எஞ்சினைத் தூக்கும் செயின் பிளாக்கைக் கடகடவென்று இழுத்தான். கீழே, எஞ்சினுக்குப் பின்னாலிருந்த இருட்டில் சின்னவன் நின்றிருந்தான்.

அப்போது பார்த்துப் பின்சங்கிலியின் கொக்கி ஒரு கண்ணி நழுவியது.

கியர்பாக்ஸ் தாழ்ந்தது. மூக்கு மெல்ல எழுந்து, கூப்பிட்ட வீட்டுக்குப் போவது போலத் திறப்புக்குள் நுழையப் பார்த்தது.

இன்னும் நாலு இழுப்புதான். அதற்குப் பிறகு சுவர், அழுகிற மனைவி, ஆளுக்கொரு வாசல். அவராக எதுவும் செய்யாமலே எல்லாம் நடந்து முடிந்துவிடும்.

மூக்கு நின்றது.

பிறகு யாரோ அதட்டியதைப் போல மெதுவாக இறங்கி மட்டத்துக்கு வந்தது.

இத்தனை வருடத்தில் இரும்புக்குப் புத்தி வந்து அவர் பார்த்ததில்லை.

இருட்டுக்குள் புஸ்புஸ் என்று மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. டார்ச்சைத் திருப்பினார். சின்னவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கியர்பாக்ஸுக்கு அடியில் தோளை முட்டுக் கொடுத்துத் தாங்கிக்கொண்டிருந்தான். கழுத்து நரம்பெல்லாம் புடைத்திருந்தது.

"சீக்கிரம் இறக்கச் சொல்லுங்க அத்தான், தோள் போகுது," என்று கிசுகிசுத்தான். "அண்ணனுக்கு மட்டும் தெரிய வேணாம்."

மெக்கானிக் அண்ணாந்து பார்த்தார்.

மேலே செயின் பிளாக்கை இழுக்க ஆளில்லை. பெரியவன் திறப்பின் ஓரத்தில் குப்புறப் படுத்து, இரண்டு கைகளையும் உள்ளே விட்டு, தண்ணீருக்குள் குடத்தை அமுக்குவது போல எஞ்சினின் மூக்கை அமுக்கிக்கொண்டிருந்தான். முகத்தை மட்டும் ஒன்றும் தெரியாதவனைப் போல வேறு பக்கம் திருப்பி வைத்திருந்தான்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிரிப்பை அடக்குவது எஞ்சினைத் தூக்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"என்னப்பா, வருமா வராதா?" என்று பொதுவாகக் கேட்டார்.

"வராது," என்றது மேலிருந்து ஒரு குரலும் கீழிருந்து ஒரு குரலும். மூன்று மாதத்தில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது.