கங்கையா சொன்னது

கலெக்டர் ஆபீஸ் எதிரில் போட்ட பந்தலில் கங்கையா மெல்ல எழுந்து உட்கார்ந்து, தேவசேனாவைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

சித்தூர் வெயிலில் வெந்துகொண்டிருந்த கூட்டம் சட்டென்று அடங்கியது. செல்போன்கள் எல்லாம் உயர்ந்தன.

உண்ணாவிரதம் தொடங்கியதிலிருந்து இதுதான் ஏற்பாடு. தொண்டை வறண்டவர் தமிழில் முணுமுணுப்பதை டிவி நிருபர் தேவசேனா மைக்கில் தெலுங்கில் சொல்லவேண்டும்.

குனிந்து காதைக் கொடுத்தாள்.

“முடியலம்மா. கண்ணு இருட்டிக்கினு வருது. போதும்னு சொல்லிடு.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. சர்க்கரை உடம்பு, இனி தாங்காது என்று காலையிலேயே டாக்டர் எச்சரித்துவிட்டுப் போயிருந்தார். இந்த ஒரு வார்த்தைக்காக அவள் காணிப்பாக்கம் பிள்ளையாரை வேண்டாத நேரமில்லை.

வேண்டாமல் என்ன செய்வாள்? வினையை இழுத்துவிட்டவளே அவள்தானே.

தன் சொந்த ஊரான நகரியில், விசைத்தறிக் கூடத்தில் பேட்டி எடுத்தபோது கங்கையா சொன்னது இவ்வளவுதான்: கரண்ட் பில் கட்டி மாளவில்லை, என்ன செய்வது, ஓடுகிற வரைக்கும் ஓடட்டும்.

இதை எவன் உட்கார்ந்து பார்ப்பான்?

தறிகள் தடதடக்க, அவர் பக்கத்திலேயே நின்று, காமிராவைப் பார்த்துத் தெலுங்கில் அவளாக ஒரு வரி சேர்த்தாள். பில்லைக் குறைக்காவிட்டால் கலெக்டர் ஆபீஸ் முன்னால் சாகும்வரை பட்டினி கிடப்பாராம்.

கங்கையாவுக்குத் தெலுங்கு நன்றாகவே தெரியும். ஆனால் தறிச் சத்தத்தில் காது போய் வருஷக்கணக்காகிறது. கேட்டிருக்காது என்ற தைரியம் அவளுக்கு.

அந்த வரி மாவட்டத்தின் மறுகோடியிலுள்ள குப்பம் வரைக்கும் பற்றிக்கொண்டது. கட்சித் தலைவர் கோபிகிருஷ்ணன் மாலையும் காருமாக வந்து நின்றார். இப்படிச் சொன்னாயாமே என்று ஊரே கேட்டபோது கங்கையா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார்.

மனுஷனுக்கும் பேர் வாங்க ஆசைதான் என்று தேவசேனா மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறினால்தானே! அன்றிலிருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

இப்போது மைக்கை வாயருகே கொண்டுபோனாள். போதும். அதைச் சொன்னால் தீர்ந்தது.

ராமகுப்பத்திலிருந்து வேனில் வந்த பெண்கள் முன்வரிசையில் கைகூப்பி நின்றார்கள். ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். கோபிகிருஷ்ணன் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இவர் இங்கே எழுந்துவிட்டால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்று நாளைக்கே தோண்டுவார்கள். வேலை போகும். பேர் நாறும்.

உயிர் போனாலும் எழமாட்டேன் என்கிறார் என்று தெலுங்கில் சொல்லிவிட்டாள்.

பந்தல் அதிர்ந்தது. கோபிகிருஷ்ணன் கையை உயர்த்தி கோஷத்தைத் தொடங்கிவைத்தார்.

பாவி, பாவி என்று தேவசேனா தன்னையே வைதுகொண்டாள். நல்லவேளை, அவருக்குக் கேட்டிருக்காது. அப்படி நினைத்ததே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

திரும்பினாள்.

கங்கையா அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கையசைத்தார். அவரிடம் குனிந்தாள்.

“தறிக்கூடத்துல யாருக்கும்மா காது கேக்குது? ஒதட்டப் பாத்துத்தான் பேசிக்கினு கீறோம். அன்னிக்கும் பாத்துக்கினுதான் இருந்தேன். நம்ம ஊர் பொண்ணு பொய் சொன்னான்னு ஆவக்கூடாதேன்னுதான் வந்து குந்திக்கினேன்.”

சொல்லிவிட்டு, பழையபடி பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.