மணிக்கட்டில் ஐந்து விரல்

கலஹா போகும் பஸ் வளைவில் சாய்கிறது. மிதிபலகையில் தொங்கும் யோகநாதனின் கை கம்பியிலிருந்து நழுவ, உள்ளே நிற்கும் ராக்கம்மா அவன் மணிக்கட்டை எட்டிப் பிடிக்கிறாள். தேயிலைக் கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த ஐந்து விரல்கள் பஸ் நிற்கும்வரை இளகுவதாயில்லை. "விரல்ல பலம் இல்லாட்டி பிடிச்சது நிக்காது" என்று கராத்தே மாஸ்டர் காலையில் விரல்நுனியில் தண்டால் எடுக்கச் சொன்னபோது, அவர் திரும்பிய நேரமெல்லாம் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டவன் அவன். ஊர் பார்க்கட்டும் என்று கழற்றாமல் வந்த கராத்தே உடுப்பின் மண்ணிற இடுப்புப்பட்டியின் மேலேயே வெயில் விழுகிறது. "கராத்தே படிக்கிறீங்களா தம்பி?" என்கிறாள் ராக்கம்மா, மணிக்கட்டை இன்னும் விடாமல். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிறது. "இல்லக்கா," என்கிறான், "இது கூட்டாளியோட உடுப்பு."