பஞ்சவீரனின் இடது கால்

"அம்மா, ரோபோவுக்குக் கால்ல முள்ளு குத்திடுச்சா?"

முன்வரிசைக் குழந்தை ஒன்று கேட்டதும் அரங்கமே கொல்லென்று சிரித்தது. மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. காட்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் வந்து, இரண்டு கால்களையும் முறைத்தார்.

அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவின் பெருமையே பஞ்சவீரன்தான். ஐந்து குட்டி ரோபோக்கள் ஆடிப் பாடிக்கொண்டிருக்கும். அரக்கன் ஊரை அழிக்க வந்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பதினாலு அடி உயரத்தில் பஞ்சவீரனாக எழுந்து நிற்கும். ரோபோ என்று பெயரே தவிர, உள்ளே இருப்பதெல்லாம் நம்மைப்போல மனுசங்கதான். கால்கள் இரண்டும் இரும்புச் சட்டத்துக்கு ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுக்க, அதன் மேல் உடம்பு ஏறும், கைகள் ஏறும், உச்சியில் தலை. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டீ சொன்னால்கூட "தலைக்குச் சர்க்கரை வேண்டாம், இடது காலுக்கு ஸ்ட்ராங்கா" என்றுதான் போகும்.

"ஒரு மாசமா கோணலா நிக்கிறான் பஞ்சவீரன்," என்றார் மேனேஜர். "நாளைக்குக் காலையில டாக்டர் வந்து ரெண்டு பேர் காலையும் பார்ப்பார். யார்கிட்ட கோளாறோ, அவர் வீட்டுக்குப் போகலாம்."

வலது கால் மெல்ல மற்றவர்களுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இரண்டு மாசத்துக்கு முன்னால் மாடிப்படியில் சறுக்கி, முட்டியில் சவ்வு கிழிந்திருந்தது. அதை அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. நாற்பத்தெட்டு வயதில் இந்த வேலை போனால் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? போதாததற்கு, உச்சியில் நிற்கிற தலை அவருடைய மகள். கீழே அப்பா நிற்கிறார் என்ற தைரியத்தில்தான் அவள் ஏறவே சம்மதித்தாள். சொல்லிவிடலாமா என்று முதல் மாசம் முழுக்கத் தவித்தார். அப்புறம் வலி தானாகவே குறைந்துவிட்டது. ஆறிக்கொண்டு வருகிறது, இன்னும் கொஞ்ச நாள் ஒப்பேற்றினால் போதும் என்று இருந்த நேரத்தில் இந்த டாக்டர்!

மேனேஜர் பின்னாலேயே அவருடைய அறைக்குப் போனார்.

டாக்டரெல்லாம் எதற்கு, மேடையில் போட்டிருக்கிற மஞ்சள் கோட்டைப் பார்த்தாலே போதுமே என்றார். தான் கோட்டின் மேல்தான் நிற்பதாகவும், இடது கால்தான் ஒரு மாசமாக ஒரு சாண் உள்ளே தள்ளி நிற்பதாகவும், சின்னப் பையன், இப்போதுதான் கல்யாணம் ஆனவன், சொல்ல வேண்டாம் என்றுதான் பார்த்ததாகவும் இழுத்தார். ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போடுகிற எல்லாரும் முதலில் இப்படித்தான் இரக்கப்படுகிறார்கள்.

மேனேஜர் வீடியோவைப் போட்டுப் பார்த்தார். உண்மைதான். ஒவ்வொரு காட்சியிலும் இடது கால் ஒரு சாண் உள்ளே நின்றது.

இடது காலைக் கூப்பிட்டுக் கேட்டார். அவன் வீடியோவைப் பார்த்தான். வலது காலை ஒரு தடவை பார்த்தான்.

"கவனிக்கல சார். என் தப்புதான்."

"ஒரு மாசமாவா கவனிக்கல?"

அவன் கவசத்தைக் கழற்ற ஆரம்பித்தான். அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். போகும்போது வலது காலிடம் வந்து, "வரேண்ணே, உடம்பைப் பார்த்துக்கங்க" என்றான். அவர் தலை நிமிராமல் கவசத்தின் பெல்ட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். மனசு உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் டாக்டர் வரப்போவதில்லை என்று தெரிந்ததும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கியது.

மறுநாள் புது இடது கால் வந்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை பார்த்தவன், நல்ல வாட்டசாட்டம். மஞ்சள் கோட்டை விட்டு இம்மி நகரக் கூடாது என்று மேனேஜர் அவனுக்குப் பத்துத் தடவை சொன்னார்.

அரக்கன் வந்தான். சங்கு ஊதியது. சட்டம் தோளில் இறங்கியது. உடம்பு ஏறியது, கைகள் ஏறின. கடைசியாக மகள் ஏறி நின்றதும் வலது காலின் முட்டிக்குள் யாரோ கத்தியை விட்டுத் திருகியதுபோல் இருந்தது.

பல்லைக் கடித்தார். தொடை வெடவெடவென்று நடுங்கியது. இன்னும் இரண்டு நிமிஷப் பாட்டு பாக்கி இருந்தது.

"அப்பா, ஆடுதுப்பா," என்று மேலே மகளின் குரல் கேட்டது.

வேலையாவது ஒன்றாவது!

"நிறுத்துங்க! என் முட்டி போச்சு, பிள்ளையை இறக்குங்க!" என்று கத்திவிட்டார்.

திரை விழுந்தது. ஆளுக்கு ஆள் ஓடிவந்து மகளைப் பத்திரமாக இறக்கினார்கள். மேனேஜர் பதறிக்கொண்டு வந்தார். வலது கால் மேடையிலேயே உட்கார்ந்து, பலூன் மாதிரி வீங்கிய முட்டியைப் பிடித்துக்கொண்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை நாளாப்பா இது என்று அழுதாள்.

"ஆறிடுச்சும்மா, சத்தியமா ஆறிடுச்சு. நேத்துகூட வலிக்கல. இன்னிக்கு என்ன புதுசா? அவன் ஒரு சாண் உள்ளே நின்னான், இவர் கோட்டு மேல நிக்கிறார். அவ்வளவுதானே வித்தியாசம்?"

புது இடது கால் தோளைத் தேய்த்துக்கொண்டே வெள்ளந்தியாகச் சொன்னான்:

"ஒரு சாண்னா சும்மாவாண்ணே? அவ்வளவு உள்ளே வந்தா, உங்க பாரத்துல பாதி அவர் தோளுக்குல்ல போயிருக்கும்! தெரிஞ்சே யாராச்சும் அப்படி நிப்பாங்களா?"