விளக்கு அணையும் வரை

கலைஞனுக்கு மரணமே இல்லை என்று அரங்கம் அதிர முழங்கிவிட்டு, நடிகர் அடுத்த மூச்சிலேயே செத்துப்போகிறார். புகழ்பெற்ற ஓவியரின் வாழ்க்கையைத் தனியாளாக அவர் நடித்துக்காட்டும் நாடகம் இந்தச் சாவோடு முடிகிறது. விளக்கு அணைந்தால்தான் பிணம் எழுந்திருக்கலாம். விளக்கு அணையவில்லை. மஞ்சள் வெளிச்சம் முகத்தைவிட்டு நகராமல் நிற்கிறது; வியர்வையில் பசை இளகி, ஓவியரின் தாடி ஒரு பக்கம் கழன்று காதோரம் தொங்குகிறது. தூரிகை பிடித்த கை மரத்துப்போகிறது. பார்வையாளர்கள் எழுந்துபோக, இருக்கைகள் ஒவ்வொன்றாக மடங்கும் சத்தம் கேட்கிறது. நாளை முதல் இந்த நாடகம் உண்டா இல்லையா என்று சொல்லவேண்டிய அரங்க மேலாளர், முன்வரிசையில் நடிகரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். "விளக்குக்கு உங்க தம்பிதானேம்மா?" "அவன்தாங்க. தூங்கிட்டான் போல. டேய், அணைடா! மாமா எவ்வளவு நேரந்தான் பொணமாக் கெடப்பாரு?" "விடுங்க, பாவம். சாவுறது மட்டுந்தான் அவருக்கு நல்லா வருது. நாளையிலேருந்து வேண்டாம்னு நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க." பிணத்துக்கு எல்லாம் கேட்கிறது. மூச்சை இன்னும் இறுக்கி அடக்கிக்கொள்கிறது. மூடிய இமையில் கசிந்த நீர் முகப்பூச்சைக் கரைத்துக்கொண்டு காதுக்குள் இறங்குகிறது. மேலாளரின் காலடிச் சத்தம் வாசல்வரை போய்த் தேய்கிறது. ஒருவழியாக இருட்டு வருகிறது. பிறகு, வணக்கம் சொல்வதற்கான வெளிச்சம். நடிகர் எழுந்து, தாடியை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, இடுப்பு வளையக் குனிந்து வணங்குகிறார். அரங்கில் மனைவி மட்டும் இருக்கிறாள். அவளும் குனிந்து, இருக்கைக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.