அலமாரியை விட்டு வந்த ஹார்ட் டிஸ்க்

ஒரு வீட்டில் லேப்டாப் ஒன்று இருந்தது. அதில் பன்னிரண்டு வருடப் போட்டோக்களும், வீட்டுப் பெண் நாலு வருடமாக எழுதிக்கொண்டிருக்கும் ஆராய்ச்சிக் கட்டுரையும் இருந்தன. அத்தனைக்கும் இன்னொரு பிரதி, அலமாரியில் புடவைகளுக்கு அடியில் கிடந்த ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. வேறெங்கும் கிடையாது.

தகவல்களுக்குப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்தும் பேக்கப் மென்பொருள் மாநாட்டுக்கு வீட்டுப் பெண்ணுக்கு அழைப்பு வந்ததும் லேப்டாப்புக்குத் தலைகால் புரியவில்லை.

"நீயும் கிளம்புடி. எத்தனை நாள்தான் புடவைக்கு அடியில் கிடப்பாய்? நாலு நல்ல விஷயம் காதில் விழட்டும்."

"எனக்கு வேலையே இங்கே கிடப்பதுதான், அக்கா."

"சரியான பத்தாம்பசலி! அங்கே இலவசமாகப் பை வேறு கொடுக்கிறார்களாம்."

ஹார்ட் டிஸ்க்கும் கிளம்பியது. அந்த இலவசப் பைக்குள் இரண்டும் ஒட்டி உட்கார்ந்து, காலை முழுக்க ஐந்து சொற்பொழிவு கேட்டன. பத்திரம் என்ற வார்த்தை வரும்போதெல்லாம் லேப்டாப், "கேட்டாயா, கேட்டாயா?" என்று பக்கத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் வீட்டுப் பெண் பையை வாய் திறந்தபடியே மேசைமேல் வைத்தாள். எதிரில் இருந்தவருக்கு விசிட்டிங் கார்டு கொடுக்க எட்டிய ஒரு மகானுபாவர், ரசப் பாத்திரத்தைத் தட்டிவிட்டார். மொத்த ரசமும் பைக்குள் போனது.

லேப்டாப்புக்கு மூச்சு அடைத்தது. ஆனாலும் அசரவில்லை.

"எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை. எல்லாம் உன்னிடம் பத்திரமாக இருக்கிறதே! ஆமாம், நீ எங்கேடி இருக்கிறாய்?"

ரசம் சொட்டச் சொட்ட ஹார்ட் டிஸ்க் சொன்னது: "உன் பக்கத்தில்தான், அக்கா."