ஆற்றங்கரையில் நின்றவள்

"அந்தப் பொண்ணை அழிச்சது நான்தான் சார்."

படச்சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த அவர் நிமிர்ந்தார். முப்பது வருடம் கழித்து வந்தவள் உட்காரக்கூட இல்லை. தோள்பையைப் பிடித்தபடி, கதவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாள்.

"எந்தப் பொண்ணை?"

"ஆத்தங்கரைப் படத்துல இருந்தவளை."

அவருக்கு மறக்குமா என்ன. பதினெட்டாம் நூற்றாண்டில் யாரோ பழுப்பு மையில் வரைந்த சித்திரம். அலையே இல்லாத ஆறு, கவிழ்த்துப்போட்ட படகு, இரண்டு மரம். ஒரு மரத்தடியில் அரிசி அளவில் ஒரு பெண். அருங்காட்சியகத்தில் பழைய படங்களைச் சுத்தம் செய்யும் அறையில், இருவருக்கும் எதிரெதிர் மேசை. அவள் வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதம்.

"பூஞ்சைப் புள்ளின்னு நெனச்சு ரப்பர் தூள் போட்டுத் தேய்ச்சுட்டேன். சுத்தம் பண்றதுக்கு முன்னால எடுத்த போட்டோவைப் பெரிசு பண்ணினப்போதான் அது ஒரு பொண்ணுன்னு மங்கலாத் தெரிஞ்சுது. லென்ஸ் வெச்சுப் பார்த்திருக்கணும். சோம்பேறித்தனம், பார்க்கல."

"பார்க்கலையா?"

கண்ணாடி வெட்டும் கை நின்றுவிட்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

"விசாரணையில 'தப்பு என்னுது'ன்னு நீங்க எழுந்து நின்னீங்க. என் சம்பளத்துலதான் வீட்டுல அடுப்பு எரிஞ்சுது. வாயைத் திறக்கல. உங்க வேலை போச்சு. பேரன் பொறந்தாச்சு, இன்னும் அது உறுத்துது சார். அடுத்த மாசம் ரிட்டயர் ஆகறேன். அதுக்குள்ள உண்மைய எழுதிக் குடுத்துடறேன்."

"வேண்டாம். தப்பு என்னுதுதான்."

ஒண்டிக்கட்டையின் வீடு. இருந்த ஒரே நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் உட்காரவில்லை.

"செய்யாத தப்புக்கு ஏன் சார் பழிய ஏத்துக்கிட்டீங்க?"

"அந்தப் படத்துல பொண்ணே கிடையாது. அது உங்க மேசைக்கு வர்றதுக்கு முந்தின நாள், பென்சிலால நான் போட்டேன். வேலை தெரிஞ்சவன் செய்யக்கூடாத காரியம்."

"நீங்களா? யாரு சார் அவ?"

அவர் கண்ணாடித் துண்டைத் துணியால் துடைத்தார். சுத்தமாக இருந்ததையே மறுபடியும் துடைத்தார்.

"தோள்ல பையோட, ஒரு பக்கமாச் சாஞ்சு நின்னுட்டிருந்தா. லென்ஸ்ல பார்த்தா யாருன்னு உங்களுக்கே தெரியும்னு நெனச்சேன். பார்த்துட்டுத்தான் அழிச்சீங்கன்னு இன்னைக்கு வரைக்கும் நெனச்சுக்கிட்டிருந்தேன்."