வெட்டிய விளிம்பு

“மார்ச் 11. இடது யன்னல் கதவை அரை அங்குலம் கூடுதலாக வெட்டிவிட்டேன். அளந்தவன் நான்தான்.”

மாலை வகுப்பில் தச்சு பழகும் நிரூபன் தன் குறிப்பேட்டில் இப்படி எழுதினான். அவன் தனியாக ஏற்ற முதல் வேலை அது. பிரியந்தி தன் பிரான்ஸ் வீட்டைத் திருத்தியபோது கழற்றிய மரக்கதவுகளை, இப்போது குடியிருக்கும் பார்க்கிங் நகர் வீட்டில் பிள்ளையின் அறை யன்னலுக்குப் பொருத்தக் கேட்டிருந்தாள்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கும் எண்ணத்தோடு போய், கதவை யன்னலில் வைத்துப் பார்த்தான். இடைவெளியே இல்லை.

“அச்சொட்டா இருக்கு. பிறகேன் தம்பி முழுசுறீர்?” என்றாள் பிரியந்தி.

அவன் விளிம்பைத் தடவினான். நேற்று வெட்டிய இடத்தில், புண் ஆறிய தோல்போல இளஞ்சிவப்பாக, மெல்லிய மயிரோடு ஏதோ வளர்ந்திருந்தது. விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. கெட்ட இறைச்சியின் நாற்றம். விரலைக் காற்சட்டையில் துடைத்தான்.

“அக்கா, இது வேண்டாம். புதுசு செய்து தாறன்.”

“உமக்கென்ன விசரே? நாளைக்குப் பிள்ளையின்ரை தொட்டில் வருது. இதுக்குக் கீழைதான் போடப்போறன். கெதியாப் பொருத்தும்.”

பொருத்தினான். கருவிகளை அடுக்கி முடிப்பதற்குள், கதவு சட்டத்தை நெருக்கிக்கொண்டு திறக்க முடியாதபடி இறுகிவிட்டது.

அன்று மாலை எழுதினான்: “நாளை காலை, தொட்டில் வருமுன், இடது கதவை மறுபடி வெட்ட வேண்டும். வடிவதை ஏந்த வாளியும், துடைக்கப் பழைய துணியும் கொண்டுபோக வேண்டும்.”